மூன்றாவது சலாம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கிய வருடங்களைக் கூட்டினால், அந்தக் காலத்துக்குள் ஒரு பிள்ளை பிறந்து, படித்து, கலியாணம் முடித்து, மாமியாரோடு சண்டை போட்டுத் தனிக்குடித்தனமும் போயிருக்கும். தயங்கியதற்கு முதல் காரணம் வெட்கம். இரண்டாவது காரணம், நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். எட்டாம் வகுப்புக்காரி கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்களே என்ற பயம். இப்போது எனக்கு வயதாகிவிட்டது. சிரிக்கக்கூடியவர்களுக்கும் பல் விழுந்துவிட்டது. இனி என்ன.

போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் படிக்கும் எங்கள் பங்கு இளைஞர்கள் நாலைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து போனில் எதையோ காட்டினார்கள். எட்டே எட்டுக் குறிகளை வைத்துக்கொண்டு முழுப் புரோகிராமையும் எழுதும் மொழி ஒன்று இருக்கிறதாம். வெறும் இடைவெளிகளாலேயே எழுதும் மொழி இன்னொன்றாம். அச்சடித்தால் வெள்ளைத்தாள்தான் வரும், ஆனால் வேலை நடக்குமாம். வெள்ளைத்தாளைக் காட்டி வேலை நடந்ததாகச் சொன்ன அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"ஆன்ட்டி, இதெல்லாம் சும்மா பகிடிக்குச் செஞ்ச பாஷைங்க. இதுக்கும் சாதாரணமா எழுதுற புரோகிராமுக்கும் என்னா சம்பந்தம்? ஒங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இருந்துச்சு. அதை வச்சு நான் ஒரு ஆளோட பேரை வெட்டியிருக்கேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் பகிடி விடுவதாக நினைத்தார்கள். வீட்டுக்கு வந்து மாதாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு, அன்றைக்கே இந்தக் கொப்பியை எடுத்தேன்.

என் ஊழியத்தின் ஆரம்பத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். அப்பா லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் காவல்காரர். தோட்டத்தை நடத்தும் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் இரண்டு மலைக்கு அந்தப் பக்கம் கேட்டாலே தோளில் கிடந்த துவாய் அவர் கைக்கு வந்துவிடும். எங்களுக்கும் அதே பழக்கம். ஹட்டனில் தட்டச்சு படித்தேன். எழுபதுகளில் தோட்ட ஆபீசில் டைப்பிஸ்ட். அரசாங்கம் தோட்டங்களை எடுத்த பிறகு, தலவாக்கலைக்குப் பக்கத்தில் இருந்த வட்டார ஆபீசுக்கு மாற்றினார்கள். தொழிற்சாலையில் வேலை செய்த சவரியைக் கட்டினேன். இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் கொழும்பிலிருந்து லொறியில் அந்தப் பெட்டி வந்து இறங்கியது. கோயிலுக்கு மாதா சொரூபம் வந்து இறங்குவதுபோல ஆபீஸ் முழுவதும் வெளியே வந்து நின்றது. தேங்காய் உடைக்க வேண்டும் என்று ஒரு கட்சி, ஜெபம் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்சி. கடைசியில் இரண்டும் நடந்தது. அதற்கென்று ஒரு அறை ஒழித்தார்கள். உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். எங்கள் ஊர்ப் பனிக்கு எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் பிளாப்பி என்ற கறுப்புத் தட்டுகளை ஒரு மர அலமாரியில் வைத்து, உள்ளே நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரிய விட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராக்களுக்கு அப்போது கரண்டு வரவில்லை. பிளாப்பிகளுக்கு வந்துவிட்டது.

அந்த அறைக்கு அதிபதி ஞானதாஸ் ஐயா. வெளியூர்க்காரர் என்று நினைக்க வேண்டாம். தலவாக்கலைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகன்தான். கொழும்பில் படித்து, இங்கிலாந்தில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு வந்தவர். கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன் தலைவாருவார். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குக் கண் இருந்ததாக அவர் ஒருபோதும் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். "ஐயா, பேப்பர் முடிஞ்சிருச்சுங்க" என்றால், "முடிவுன்னா என்னா ஸ்டெல்லா?" என்பார். பேப்பருக்கு நான் வேறு ஆளிடம் போய்க் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

என்னை அந்தக் கீபோர்டில் உட்காரவைத்ததற்குக் காரணம் என் அறிவு இல்லை. என் விரல் வேகம். மற்றவர்கள் எல்லாரும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போகவே பயந்தார்கள்.

ஞானதாஸ் ஐயா இங்கிலாந்தில் இருந்தபோது ஒரு விஷயம் கேள்விப்பட்டிருந்தார். அமெரிக்காவில் இரண்டு மாணவர்கள் கேலிக்காகவே ஒரு கம்ப்யூட்டர் மொழி செய்திருந்தார்களாம். அதில் 'தயவுசெய்து' என்ற சொல்லைப் போதிய தடவை எழுதாவிட்டால் மரியாதை காணாது என்று இயந்திரம் மறுக்கும். அளவுக்கு மீறி எழுதினாலும், குழைகிறாய் என்று மறுக்கும். கெட்டிக்கார மாணவர்கள் ஒரு பின்னேரம் சிரித்துவிட்டு மறந்துவிட்ட சங்கதி. நம்முடைய ஐயா அதைப் பெட்டியில் போட்டு, கப்பலேற்றி, மலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவர் அதற்குத் தோட்டத்து உடுப்பைப் போட்டார். மொழிக்குப் பேர் 'சலாம்'. இங்கிலீஷ் எழுத்தில், தமிழ்ச் சொற்களில் எழுத வேண்டும். ஐந்து வரிக்கு ஒரு வரியாவது 'சலாம்' என்று தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் 'மரியாதை போதாது' என்று திரையில் எழுதிவிட்டு இயந்திரம் நின்றுவிடும். ஒருவருடைய விபரத்தை எடுப்பதற்கு 'கூடையைத் தூக்கு'. எண்ணி அளவு பார்ப்பதற்கு 'கொழுந்தை நிறு'. ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதற்கு 'மலைக்குப் போ'. நீக்குவதற்கு, தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்கு நாம் சொல்லும் அதே சொல்: 'கவ்வாத்து'.

கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்தால் இதைத்தான் போட்டுக் காட்டுவார். ஒரு சலாம் குறைத்து அடிப்பார், இயந்திரம் கோபிக்கும். பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் அப்பா காலமெல்லாம் செய்ததை ஒரு பெட்டி செய்யச் சொன்னால் எவ்வளவு சிரிப்பு வருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது. ஆனால் ஐயாவுக்கு ஒரு யோசனை வந்தது. சாதாரண மொழியில் எழுதினால் யாரும் வாசித்துவிடுவார்கள், யாரும் திருத்திவிடுவார்கள். பிறகு ஞானதாஸ் எதற்கு? ஆபீசின் உண்மையான வேலை ஒன்றையே சலாமில் எழுதினார். அதுதான் நீக்கப் பட்டியல்.

தோட்டத்தில் பேர் பதிந்தவருக்குத்தான் வேலையும் காம்பராவும். நோய்க்கோ லீவுக்கோ துண்டுச் சீட்டு கொடுக்காமல் நீண்ட நாள் வேலைக்கு வராதவர்களின் பேரை வெட்டுவது வழக்கம். முன்பெல்லாம் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பட்டியலைக் கையில் எடுப்பார். "இவ புள்ள பெத்துக் கெடக்கா, விடு. இவன் ஆஸ்பத்திரில இருக்கான், விடு. இவன் நெசமாவே போயிட்டான், வெட்டு" என்று மலையில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவோடு பேசி முடிப்பார். இப்போது தோட்டங்கள் மாதாமாதம் வேலைக்கு வந்த நாள் வராத நாள் குறித்த வரவுத் தாளை எங்களுக்கு அனுப்ப, நான் அடித்துக் கொடுக்க, இயந்திரம் பட்டியல் போட்டது. இயந்திரம் போட்ட பட்டியலை எந்தத் துரையும் கேள்வி கேட்கவில்லை. பெரிய கிளாக்கருக்குப் பிழை வரும், இயந்திரத்துக்கு வராதாமே.

அந்தப் பட்டியல் ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காகவே நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஒரு மழைக்காலம். அலமாரியில் எரிந்த பல்பு ஒரு வெள்ளிக்கிழமை செத்துப்போனது. திங்கட்கிழமை நாங்கள் திறந்தபோது பிளாப்பிகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. நீக்கப் பட்டியல் போடும் புரோகிராம் போய்விட்டது. நல்லவேளை, ஐயா அதை ஒரு தடவை அச்சடித்து வைத்திருந்தார். "பார்த்து அப்பிடியே அடிங்க ஸ்டெல்லா. ஒண்ணும் யோசிக்காதீங்க" என்று தந்தார்.

யோசிக்காமல் அடிப்பதில் எனக்கு நல்ல பழக்கம். சின்ன வயதில் பூசையில் லத்தீன் பாட்டுகளை ஒரு சொல்லும் விளங்காமல் முழுதாகப் பாடியவள் நான். இரண்டு நாளில் எல்லா வரியையும் அடித்து முடித்தேன். இயந்திரம் கோபிக்கவில்லை. பட்டியல் வந்தது. ஐயா தலைவாரிக்கொண்டு, "குட்" என்றார்.

அடுத்த பட்டியலும் வந்தது. அதற்குப் பிறகுதான் செல்லம்மா வந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. லிந்துலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். கொழுந்துக் கூடையோடு வடிகான் படியில் வழுக்கி விழுந்து, காலை முறித்துக்கொண்டு நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். கக்கத்தில் கட்டை ஊன்றி என் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய கடுதாசிகள்.

"அம்மா, எம் பேர வெட்டிட்டாங்களாம். சனிக்கெழம காம்பராவ விட்டுப் போகணுமாம். நான் துண்டு குடுத்தேங்கம்மா. தொரை கையெழுத்துப் போட்டாரு. இந்தா பாருங்க, துண்டோட கொப்பி."

பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு சரி. துரையின் கையெழுத்தும் சரி.

"வீட்டுல யாரு இருக்காங்க அக்கா?"

"அவரு போயிச் சேந்துட்டாரு. ரெண்டு பொட்டப் புள்ளைக. எங்கிட்டுப் போறதுங்க? ரோட்டுல கட்டைய ஊணிக்கிட்டு நிக்கிறதா?" என்றவள், என் பின்னால் இருந்த பெட்டியை எட்டிப் பார்த்தாள். "இதுதான் வெட்டுனதா? நான் என்னமோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்."

ஞானதாஸ் ஐயா வந்தார். கடுதாசியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"மெஷின் பிழை விடாதும்மா. ஸ்டெல்லா அடிக்கிறப்ப விட்டிருப்பாங்க."

"சாமி, யாரு விட்டா என்னாங்க, திருப்பிப் போட்ருங்க" என்றாள் செல்லம்மா.

"அப்பிடி நெனச்ச மாதிரி போட முடியாது. காரணம் இருக்கணும்."

"காலு ஒடஞ்சது காரணமில்லீங்களா?"

ஐயா கடுதாசியை என் மேசையில் போட்டார். அவரிடம் நேரான கேள்விக்கு நேரான பதில் கிடைக்காது என்று செல்லம்மாவுக்கு எப்படித் தெரியும்? என்னைப் பார்த்து, "எண்ட்ரியைச் செக் பண்ணுங்க. நான் நாளைக்குக் கொழும்பு போறேன். வெள்ளிக்கெழமதான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்லம்மாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "வெள்ளிக்கெழமைக்குள்ள பார்க்குறேங்கக்கா" என்று பஸ் ஏற்றிவிட்டேன்.

வரவுத் தாளை எடுத்து நான் அடித்ததோடு ஒத்துப்பார்த்தேன். நோய் என்ற அடையாளம் இருந்தது. துரை கையெழுத்து என்ற அடையாளமும் இருந்தது. என்மேல் பிழையில்லை என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். பாருங்கள், அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது செல்லம்மாவைப் பற்றிய கவலை அல்ல; அப்பாடா என்ற சந்தோஷம்.

அப்படியானால் புரோகிராமில்தான் ஏதோ. புதன்கிழமை காலை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போனேன்.

இந்த இடத்தில் இளைஞர்கள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். சலாம் என்ன கோமாளி வேஷம் போட்டாலும், அந்தப் பெட்டிக்கு அது விளங்காது. கூடையும் கொழுந்தும் கவ்வாத்தும் அதற்கு என்ன தெரியும்? சலாமில் எழுதிய ஒவ்வொரு வரியையும் வாசித்து, இதற்கு இதைச் செய் என்று சொல்லிக்கொடுக்க, அடியில் இன்னொரு புரோகிராம் வேண்டும். அதை ஐயா எதில் எழுதினார்? பெட்டியோடு வந்த சாதாரண மொழியில்தான். 'இப்படி இருந்தால் இப்படிச் செய், இல்லாவிட்டால் இந்த வரிக்குப் போ' என்ற, சமையல் குறிப்பு மாதிரியான எளிய இங்கிலீஷ். எங்களுக்கு மறைக்க அவர் எவ்வளவு திரை கட்டினாலும், பெட்டிக்கு ஒளிவுமறைவில்லாமல் ஒரு இடத்தில் சொல்லித்தான் ஆகவேண்டும். வேஷக்காரனும் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாதாரணத் தமிழில்தானே பேச வேண்டும்.

அந்த அடிப் புரோகிராமை ஏற்றி, 'லிஸ்ட்' என்று அடித்தேன். பூட்டுமில்லை, சாவியுமில்லை. புரோகிராம் முழுவதும் திரையில் கடகடவென்று ஓடியது. அச்சடித்தேன். பதினோரு பக்கம். பெட்டியோடு வந்த சின்ன விளக்கப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிவரியாக, செபமாலை உருட்டுவதுபோல விரல் வைத்து வாசித்தேன். புதன் முழுவதும் ஆறு பக்கம். வியாழன் மத்தியானத்துக்குள் எட்டாம் பக்கம் வந்தேன்.

எட்டாம் பக்கத்தில் ஒரு குறிப்பு. குறிப்பு என்றால், பெட்டி கவனிக்காமல் தாண்டிப்போகும், மனிதர் வாசிப்பதற்கென்றே எழுதும் வரி. இங்கிலீஷில் இருந்தது. தமிழில் இப்படி: 'தொடர்ந்து மூன்று முறை சலாம் போடுகிறவன் பொய்யன். அவன் சொல்வதைக் கேட்காதே.' அதற்குக் கீழே, அதைச் செய்யும் கட்டளை. அடுத்தடுத்து மூன்று வரிகள் சலாமோடு தொடங்கினால், மூன்றாவது வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடு. கோபிக்காதே, நிற்காதே, ஒன்றும் எழுதாதே. வாசிக்காததுபோலப் போய்விடு.

சலாம் குறைந்தால் எல்லாரும் பார்க்கக் கோபிக்கும் பெட்டி, கூடினால் மட்டும் வாயைத் திறக்காது. இதை ஐயா யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

நீக்கப் பட்டியல் புரோகிராமின் பழைய அச்சை எடுத்தேன். அதில் இப்படி இருந்தது:

சலாம், கூடையைத் தூக்கு.
சலாம், கொழுந்தை நிறு.
துரை கையெழுத்தைப் பார், இருந்தால் மலைக்குப் போ.
இல்லாவிட்டால் கவ்வாத்து.

ஒருவருடைய விபரத்தை எடு, வராத நாட்களை எண்ணிக் குறித்த காலம் தாண்டாதவரை விட்டுவிடு, தாண்டியவரின் நோய்த்துண்டில் துரையின் கையெழுத்து இருந்தால் அந்த ஆளை விட்டுவிடு, இல்லாவிட்டால் பேரை வெட்டு. அதுதான் அர்த்தம்.

பிறகு நான் அடித்ததைப் பார்த்தேன். மூன்றாவது வரி: 'சலாம், துரை கையெழுத்தைப் பார், இருந்தால் மலைக்குப் போ.'

துரை என்று வருகிறதே! முன்னால் இரண்டு வரிக்குச் சலாம் போட்டுவிட்டு, துரை பேர் வரும் வரியை மொட்டையாக விடுவதா? எப்போது யோசித்தேன் என்று எனக்கே தெரியாது. என் கை தானாகப் போட்டிருக்கிறது. அப்பாவின் துவாய் தானாக இறங்கியதுபோல. பெட்டி அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. கவ்வாத்து.

கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒரு டைப்பிஸ்ட் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டாள்.

சலாமை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். செல்லம்மாவின் பேர் பட்டியலில் வரவில்லை. பிசாசு உடனே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. சரியாகிவிட்டதே ஸ்டெல்லா, மெஷின் தானாகத் திருந்திவிட்டது என்று சொல், யாருக்குத் தெரியப்போகிறது என்றது. நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிசாசு போன பிறகு, முந்தின மாதத் தாள்களையும் ஏன் ஓட்டிப் பார்த்தேன் என்று தெரியவில்லை. ஓட்டினேன்.

அந்தப் பட்டியலில் ஒரு பேர் குறைந்தது. முத்துசாமி. வேறொரு தோட்டம். நெஞ்சு நோய், ஆஸ்பத்திரித் துண்டு, துரை கையெழுத்து, எல்லாம் இருந்தது. அவர் ஜன்னலுக்கு வரவில்லை. கேட்காமலே போயிருக்கிறார்.

பின்னேரம் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சுவாமிக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தவே கால் மணித்தியாலம் போனது. கடைசியில், "தெரியாமச் செஞ்சது பாவமில்ல மகளே. தெரிஞ்ச பொறகு சொல்லாம விட்டா அது பாவம்" என்றார். பிராயச்சித்தமாக 'அருள் நிறைந்த மரியே' மூன்று தரம் சொல்லச் சொன்னார். முழங்காலில் இருந்து இரண்டு சொன்னேன். மூன்றாவதைத் தொடங்கும்போது செபமாலையில் விரல் நின்றுவிட்டது. தொடர்ந்து மூன்று! மாதா ஞானதாஸ் ஐயாவிடம் வேலை செய்யவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு அதையும் சொல்லி முடித்தேன்.

சவரியிடம் சொன்னேன். "வேல போயிருமா?" என்றார். "போகலாம்" என்றேன். அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, "அந்தப் பொம்பளைக்குக் காம்பரா போயிருமே" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஐயா வந்தார். பதினோரு பக்கத்தையும் மேசையில் வைத்தேன்.

"என் ஃபைலை ஒங்கள யாரு தொறக்கச் சொன்னது?"

"தொறக்கலீங்க ஐயா. லிஸ்ட்னு அடிச்சேன். அதுவே காட்டிருச்சு."

"ஒங்களுக்கு இது வெளங்குமா?"

"எட்டாம் பக்கம் வெளங்குச்சுங்க."

எட்டாம் பக்கத்தைப் புரட்டினார். அவருடைய முகம் வெளிறுவதைப் பார்த்தேன். அந்தக் குறிப்பை வேறொரு மனிதர் வாசிப்பார் என்று அவர் எதிர்பார்க்கவேயில்லை. பிறகு என் வரிக்கு வந்தார்.

"இந்த மூணாவது சலாம் எங்க இருந்து வந்துச்சு? நான் போடலியே."

"நான்தாங்க போட்டேன்."

"அப்ப ஒங்க பிழை!" அவர் குரலில் இருந்த நிம்மதியை என்னவென்று சொல்ல. மூன்று நாளைக்கு முன் எனக்கு வந்த அதே நிம்மதிதான். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. "எழுதித் தாங்க. டைப்பிஸ்ட் புரோகிராமை மாத்துனதுன்னு."

"தர்றேங்க ஐயா. அடிச்சே கொண்டாந்திருக்கேன். ரெண்டு பேரோட பேரும் அதுல இருக்கு, செல்லம்மாவும் முத்துசாமியும். நீங்களும் கையெழுத்துப் போட்டு இன்னைக்கே தோட்டத்துக்குச் சொல்லணும். நாளைக்குச் சனிக்கெழமை."

"நான் எதுக்குப் போடணும்?"

"மூணாவது சலாமைக் கேக்காதன்னு எழுதுனது யாருங்க?"

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "எங்கப்பா கடைக்கு வர்றவன் மூணு தரம் கும்பிட்டான்னா கடன் கேக்கப் போறான்னு அர்த்தம்" என்றார். அவர் என்னிடம் நேராகச் சொன்ன ஒரே பதில் அதுதான்.

கையெழுத்துப் போட்டார். டெலிபோனைச் சுழற்றிச் செல்லம்மாவின் தோட்டத்துத் துரையைப் பிடித்தார். "சார்... யெஸ் சார்... சாரி சார்..." என்று எண்ணமுடியாத அளவுக்குச் சலாம் போட்டார். துரை எல்லாவற்றையும் கேட்டார். துரை எட்டாம் பக்கம் வாசித்தவர் அல்ல.

செல்லம்மாவின் பேர் திரும்பப் பதிவானது. சனிக்கிழமை அவள் காம்பராவை விடவில்லை. பிறகு ஒரு நாள் தலவாக்கலைச் சந்தையில் என்னைக் கண்டு, "அம்மா, அந்தப் பொட்டி நல்லா இருக்கா?" என்று கேட்டாள். கட்டை இல்லாமல் நடந்தாள், கொஞ்சம் சாய்ந்து.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். அதையும் நானே டைப் அடிக்க வேண்டியிருந்தது. வேறு டைப்பிஸ்ட் இல்லை. நீக்கப் பட்டியலைச் சாதாரண மொழியில் எழுதித் தரும்படி ஐயாவிடம் கேட்டேன். அவர் எழுதினார். அது என்ன செய்கிறது என்று ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே ஒரு குறிப்பு வரி போட நான் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அடுத்த வருடம் அவர் வெளிநாடு போனார். அந்தப் பதினோரு பக்கத்தையும் கொண்டுபோனாரா தெரியாது.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விளையாட்டு மொழி கெட்டது, சாதாரண மொழி நல்லது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொய்யன் என்று எழுதியிருந்த வரி எளிய இங்கிலீஷில், சாதாரண மொழியில்தான் இருந்தது. கோமாளி மொழி அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியது, அவ்வளவுதான். பெட்டிக்கு இரண்டும் ஒன்று. வாசிக்க வேண்டியவர்கள் நாம். விளையாடுங்கள், நல்லது, நானும் சிரிப்பேன். ஒருவருடைய காம்பராவை அதில் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

முத்துசாமிக்குப் போன கடிதம் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது காம்பராவில் வேறு ஆட்கள் இருந்தார்களாம். பெண்சாதியும் பிள்ளைகளும் முந்தியே போய்விட்டார்களாம். அவரும் ஒரு தகரப் பெட்டியோடு நடந்து போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எங்கே போனார் என்று லயத்தில் யாருக்கும் தெரியவில்லை. இருந்தாலும் தோட்டத்தில் அவருடைய பேரைத் திரும்பப் பதிந்தார்கள். ஆள் இல்லாமல் பேர் மட்டும் பதிவில் இருந்தது. மாதாமாதம் வரவுத் தாளில் அவருக்கு நேரே வரவில்லை, வரவில்லை, வரவில்லை என்று வந்தது. நான் அடித்தேன். துண்டு இல்லை. துரை கையெழுத்து இல்லை.

குறித்த காலம் முடிந்ததும், சாதாரண மொழியில் சரியாக எழுதிய புரோகிராம், சரியாக வாசித்து, சரியாக எண்ணி, நீக்கப் பட்டியலில் அவருடைய பேரை அச்சடித்தது. வரிவரியாகப் பார்த்தேன். இந்தத் தரம் எங்கும் ஒரு பிழையும் இல்லை. கவரில் போட்டு அனுப்பினேன்.

இதை நீங்கள் யாருக்காவது சொன்னால், உள்ளபடியே சொல்லுங்கள். என்னை நல்லவளாக்கவும் ஞானதாஸ் ஐயாவைக் கெட்டவராக்கவும் ஒன்றும் சேர்க்க வேண்டாம். கதை நீளமாக இருக்கிறதென்று எதையாவது குறைக்கத் தோன்றினால், என் பேரை எடுத்துவிடுங்கள். முத்துசாமி என்ற பேர் மட்டும் இருக்கட்டும்.